அப்பா அடுப்படியில் படித்த புத்தகம்

எங்கள் அம்மாவின் பெயர் தோமியே. பால் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் தேதியை நம்ப மாட்டாள். மூக்கை நம்புவாள். இன்று மழை இல்லை என்று தொலைக்காட்சியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னால், "மழை இல்லன்னா எதுக்கு இவ இவ்ளோ சிரிக்கிறா?" என்று கேட்டுவிட்டு, துவைத்த துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுவாள். பக்கத்து வீட்டு அம்மாள் பாதித் தர்பூசணியைக் கொண்டுவந்து கொடுத்தால், இடுப்பு வளையக் குனிந்து மூன்று முறை நன்றி சொல்வாள். கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இந்தப் பாதியில என்ன கோளாறு?" என்பாள்.

ஜப்பானில், தகமாட்சு துறைமுகத்திலிருந்து சைக்கிளில் எட்டு நிமிஷத் தூரத்தில் எங்கள் வீடு. அம்மாவுக்கு அறுபத்தொன்று. காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரை சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்குக் கட்லெட் பொரிக்கிறாள். எண்ணெய்ச் சட்டியில் வெப்பமானி பொருத்தியிருக்கிறார்கள். அதையும் நம்பாமல் ஒரு சொட்டு மாவை உள்ளே விட்டு, அது எழும்பி வருகிற வேகத்தைப் பார்த்துத்தான் கட்லெட்டைப் போடுவாள். இருபத்திரண்டு வருடமாக ஒன்றுகூடக் கருகியதில்லை என்பது அவள் சொல்வது. அதை மட்டும் நாங்கள் நம்ப வேண்டும்.

இப்படிப்பட்டவள் துப்பறியும் கதை படிக்காமல் வேறு என்ன படிப்பாள்?

எங்கள் ஊரில் கோடைச் சாயங்காலம் காற்று அப்படியே நின்றுவிடும். கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி கிடக்கும். வீட்டில் ஏசி இருப்பது முன்னறையில் மட்டும்தான். அதனால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் மூன்று பேரும் ஆறு பாய் விரித்தால் நிறைந்துவிடும் அந்த அறைக்குள் அடைந்து கிடப்போம். தொலைக்காட்சி போட்டால் எந்த நிகழ்ச்சி என்று சண்டை வரும் என்பதால் எல்லோரும் புத்தகம் படிப்போம். இந்தக் கோடையில் மட்டும் அம்மா பதினோரு நாவல் முடித்தாள். ஒவ்வொன்றிலும் ஐம்பதாம் பக்கம் வந்ததும் நிறுத்துவாள். நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் யார்மேல் சந்தேகம் என்று எழுதி, அந்தப் பக்கத்திலேயே செருகி வைப்பாள். கடைசியில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் மீன் குளத்தில் பிணம் மிதக்கிற கதை. "சமையல்காரன்தான். பன்னண்டாம் பக்கத்துலயே தேவைக்கு மேல கை கழுவுறான்" என்றாள். சமையல்காரன்தான். அடுத்தது ஐரோப்பாவின் வடகோடி மொழி ஏதோ ஒன்றிலிருந்து மொழிபெயர்த்தது. அதில் எப்போது பார்த்தாலும் பனி, காப்பி. பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று, தன்கூட வேலை செய்கிறவர்களின் பெயரை எல்லா ஆட்களுக்கும் வைத்துக்கொண்டு படித்தாள். கொலைகாரனுக்கு அமைந்தது அவள் பிரிவுத் தலைவரின் பெயர். பாவம், அந்த மனிதர் காலை வணக்கம் சொல்லும்போதெல்லாம் ஒரு வாரம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில், எழுதியவர் கடைசி அத்தியாயத்தில் இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்துவிட்டார். அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டுபோய், "இது ஏமாத்து வேலை" என்று புத்தகக்கடைக்காரரிடம் முறையிட்டாள். "நான் எழுதலீங்களே" என்றார் அவர்.

அந்தக் கடைக்காரர் ஒகிதா, மரியாதையாகச் சொன்னால் ஒகிதா சான். எழுபது வயது. துக்கவீட்டில் பேசுகிற குரல். எதை வாங்கினாலும், "கவர்... போட்டுடட்டுங்களா?" என்று கேட்பார், சவப்பெட்டியை மூடட்டுமா என்கிற மாதிரி. பழுப்புத் தாள், ஓரத்தில் நீல அலை. நான்கு மடிப்பில் போட்டுத் தருவார். எங்கள் வீட்டுப் புத்தகம் எல்லாம் அவர் கடையில் வாங்கியவை, எல்லாம் அந்த ஒரே கவர். ரயிலில் யாரும் நம் புத்தகத்தின் பெயரைப் பார்க்கக்கூடாது என்றுதான் ஊரெல்லாம் கவர் போடுகிறார்கள். வீட்டுக்குள்ளும் எங்களுக்கு அதே சட்டம். இன்னொருவரின் கவர் போட்ட புத்தகத்தைத் திறப்பது, அவருக்கு வந்த கடிதத்தைப் பிரிப்பதற்குச் சமம். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் யாரும் மீறியதுமில்லை.

இந்தச் சட்டத்தில்தான் அம்மா மாட்டிக்கொண்டாள்.

அப்பா கெய்ஸோ நாற்பத்திரண்டு வருடம் தீவுப் படகின் எஞ்சின் அறையில் வேலை பார்த்து, மார்ச்சில் ஓய்வு பெற்றவர். எஞ்சின் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்பதால் பேச்சை 'ம்'மில் முடித்துக்கொள்ளப் பழகியவர். 'ம்' என்றால் சரி. 'ம்ம்' என்றால் வேண்டாம். 'ம்?' என்றால் சாப்பாடு ஆச்சா. அம்மாவும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள், அவரும் அவளை அம்மா என்றுதான். நான் பிறந்த பிறகு இருவரும் மற்றவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் படிப்பது மீன்பிடி, பழைய ரயில் எஞ்சின் இரண்டும்தான். ஏசிக்கு நேர் கீழே, கால் நீட்டி. ஆனால் ஜூன் கடைசியிலிருந்து அவர் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போக ஆரம்பித்தார். முப்பத்தாறு டிகிரி வெயிலில், அடுப்புக்குப் பக்கத்தில், முக்காலி போட்டுக்கொண்டு. அம்மா உள்ளே வந்தால் மூடிவிடுவார்.

"சிஹோ" என்று அம்மா என்னை அறைக்குள் இழுத்தாள். "ஏசி ரூமை விட்டுட்டு ஒருத்தர் அடுப்புகிட்ட உக்காந்து படிக்கிறார்னா என்ன அர்த்தம்?"

"வேர்வை வந்தா உடம்புக்கு நல்லதுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க."

"நேத்து என்கிட்ட கேட்டார், எரியற குப்பையைத் தனியா எந்தக் கிழமை வெளிய வைக்கணும்னு. முப்பத்திநாலு வருஷத்துல முதல் தடவை."

"சரி."

"முந்தாநாள் வாஷிங் மெஷின் பட்டனை போன்ல படம் எடுத்துட்டு இருந்தார். போன வாரம் கடையில இருந்து ஒரு வெங்காயம் வாங்கிட்டு வந்தார். ஒரே ஒரு வெங்காயம், சிஹோ. ஒரு ஆளுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ."

"அப்பாவுக்குக் காதலி இருக்காங்கறியா? எந்தக் காதலி, குப்பை என்னைக்குன்னு கேக்கச் சொல்லுவா?"

அம்மா யோசித்தாள். "தனியா இருக்கறவ சொல்லுவா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கும் லேசாக உறைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கல்யாணத்திலிருந்தும் ஓய்வு வாங்கிக்கொள்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் உண்டு. மூன்றாவது எங்கள் வீடோ என்றுதான் அம்மா பயந்தாள்.

புத்தகத்தைத் திறக்க முடியாது. திறக்காமல் என்னவெல்லாம் செய்ய முடியுமோ அதெல்லாம் செய்தாள். அப்பா குளிக்கும்போது அளவுகோலை வைத்துத் தடிமன் பார்த்தாள். "ஒண்ணரை சென்டிமீட்டர். நாவல் இல்ல." மோந்து பார்த்தாள். "சோயா சாஸ் வாசனை." கடைசியில் சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஒகிதா சான் கடைக்குப் போனாள்.

"ஒகிதா சான், எங்க வீட்டுக்காரர் ஜூன் கடைசியில ஒரு புத்தகம் வாங்கினாரே."

"வாங்கியிருப்பார்."

"என்ன புத்தகம்?"

"கவர் போட்டுக் குடுத்தேங்க."

"அது தெரியும். கவருக்குள்ள?"

"கவரை மடிக்கிற வரைக்கும்தாங்க எனக்கு ஞாபகம் இருக்கும்."

"எந்த அலமாரியில இருந்து எடுத்தார்னாவது சொல்லுங்க. மேலயா, கீழயா?"

ஒகிதா சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாவைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது துக்கவீட்டுக் குரல் இன்னும் இரண்டு படி இறங்கியது. "இசோகவா சான், மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்களும் ஒரு புத்தகம் வாங்கினீங்க. அதை நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

அம்மாவின் கழுத்து சிவந்துபோனது. பக்கத்தில் கிடந்த எதையோ எடுத்து, "இதுக்குக் கவர் வேணாம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அது சுடோகு புத்தகம். அம்மாவுக்கு சுடோகு போடத் தெரியாது.

"என்னம்மா அது, மூணு வருஷத்துக்கு முன்னாடி?"

"கிழவருக்கு வயசாச்சு. யாரையோ நெனச்சு என்கிட்ட சொல்றார்."

ஒகிதா சானின் ஞாபகசக்தியை அம்மா குறை சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பேரைக் கவனிக்கும் வேலை எனக்கு வந்தது.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, ஓபோன் பண்டிகைக்கு முன்னோர்கள் வீட்டுக்கு வருவதற்குள் கல்லறையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அப்பா காலையிலேயே வாளியும் தேய்க்கிற பிரஷ்ஷுமாகக் கிளம்பினார். புத்தகத்தை ஃபிரிட்ஜின்மேல் மறந்து வைத்துவிட்டார். அம்மாவுக்கு அந்த வாரம் கடையில் விடுப்பு. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷம் பாத்திரம் துலக்கினாள். ஒரே பாத்திரத்தை.

"சிஹோ. அதை எடு."

"நீயே எடு."

"நான் எடுத்தா தப்பு. நீ பொண்ணு. தூசி தட்டறப்போ கை பட்டுத் திறந்துக்கிச்சுன்னா அது உன் தப்பு இல்ல."

எடுத்தேன். தட்டினேன். திறந்துகொண்டது.

அறுபதைத் தாண்டிய ஆண் தனியாக வாழ்வது எப்படி என்று சொல்லித் தருகிற புத்தகம். முதல் அத்தியாயம், ஒருவருக்கு மட்டும் சோறு. இரண்டாவது, துவைப்பது. நான்காவது, குப்பை. ஒன்பதாவது, வீட்டில் யாருமில்லாதபோது காய்ச்சல் வந்தால். ஓரத்தில், சூப்பில் கரைக்கிற மிசோ என்ற சோயா விழுதைப் பற்றி, பென்சிலில் அப்பாவின் குண்டு எழுத்து. 'மிசோவை அடுப்பை அணைத்த பிறகு போடுகிறாள். ஏன்? கேட்கக்கூடாது. பார்க்க வேண்டும்.'

நான் வாய்விட்டுப் படித்துவிட்டேன். அம்மா முக்காலியில் உட்கார்ந்தாள், அப்பா உட்காரும் அதே முக்காலியில்.

"ஆள் யாருன்னு தெரிஞ்சுது" என்றாள். "காரணம்தான் தெரியல. என்ன குறை வெச்சேன்?"

நான் புத்தகத்தை மூடி, ஃபிரிட்ஜின்மேல் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அப்பா பன்னிரண்டரைக்கு வந்தார். கழுத்தெல்லாம் வெயிலில் வெந்து, புல் வாசனையோடு. குளித்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்தார். அம்மா குளிர்ந்த பார்லித் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். டம்ளரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்பா. எப்போ போறீங்க?"

"எங்க?"

"அதை நீங்கதான் சொல்லணும். வீடு பாத்தாச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் விசிறியைப் பார்த்தேன்.

"புத்தகத்தைத் திறந்தியா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"நான் திறக்கல. சிஹோ திறந்தா."

"நீதானேம்மா திறக்கச் சொன்ன!"

"சத்தம் போட்டுப் படின்னு நான் சொல்லல."

அப்பா டம்ளரை அவள் கைக்குக் கீழிருந்து மெதுவாக உருவி ஒரே மடக்கில் குடித்தார். அப்புறம் அவர் பேசியது, என் இருபத்திநாலு வருடத்தில் நான் கேட்ட மிக நீளமான பேச்சு.

"நான் எங்கயும் போகல. போகப்போறது நீதான். ஜூன்ல விடாம மழை பெஞ்சுதே, அன்னைக்கு டெலிபோன் மேல இருக்கற அலமாரியில இருந்து என் மீன்பிடி புத்தகத்தை எடுத்தேன். எடுத்தேன்னு நெனச்சேன். அதே கவர். கக்கூஸ்ல போய் உக்காந்து திறந்தா, புருஷனை விட்டுப் பிரியறது எப்படின்னு போட்டிருக்கு. எந்த ஆபீஸ், எந்தப் படிவம், யார்கிட்ட முதல்ல சொல்லணும்... மூடியிருக்கணும். மூடல. அம்பதாம் பக்கம் வரைக்கும் படிச்சேன். அங்க உன் சீட்டு இருந்துச்சு."

டம்ளர் விட்டுப்போன ஈர வளையத்தை அம்மா விரலால் துடைத்தாள்.

"சீட்டுல ஒண்ணும் எழுதல" என்றார் அப்பா.

அம்மா எழுதாமல் விட்ட சீட்டு என்று ஒன்று இருக்கும் என்பதே எனக்குப் புதிது.

"மூணு வருஷம் ஆச்சு" என்றாள் அம்மா. "இதே ஆகஸ்ட். கடையில எண்ணெய் கொட்டின தரையில வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சுது. கையில கட்டோட வீட்டுக்கு வந்தேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"உக்காருன்னு சொன்னேனா?"

"'பெருசா ஒண்ணும் பண்ணாத, சும்மா சோமென் போதும்'னு சொன்னீங்க." அப்பாவின் குரலை அம்மா அப்படியே பிடித்தாள். மற்றவர் குரலில் பேசிக் காட்டும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று தெரிந்தது.

"உனக்குச் சிரமம் வேணாம்னுதான் சொன்னேன். சோமென்னா என்ன, சேமியா மாதிரி மெல்லிசு, ரெண்டே நிமிஷம்..."

"தண்ணி யாரு கொதிக்க வைப்பா? வடிகட்டறது யாரு? அலசறது யாரு? ஐஸ் உடைக்கறது யாரு? இஞ்சி துருவறது யாரு, ஒத்தக் கையால?"

அப்பா ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போனார்.

"மறுநாளே போய் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். துறைமுகத்துல பெஞ்சில உக்காந்து ஒரே மூச்சுல அம்பது பக்கம் படிச்சேன். உங்க படகு கிளம்பிப் போச்சு. அப்போதான் தோணிச்சு, நான் போயிட்டா இந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? குப்பை என்னைக்குன்னுகூடத் தெரியாது. மூடி வெச்சுட்டேன்."

"நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றார் அப்பா. "இவளுக்குப் போகணும்னு இருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறதுக்காக இருக்கா. அது நல்லா இல்ல. அதான் கத்துக்கிட்டு இருக்கேன். செவ்வாயும் வெள்ளியும் எரியற குப்பை. இப்போ தெரியும்."

சொல்லிவிட்டு எழுந்துபோய் வாளியைக் கழுவினார்.

அடுத்த மூன்று நாளும் முன்னோர்கள் வந்து தங்கியிருந்த வீட்டில் உயிரோடு இருக்கிற யாரும் பேசவில்லை. பூ மாற்றினோம், விளக்கு வைத்தோம், பழம் படைத்தோம். அம்மா தன் புதுக் கொலைக் கதையில் ஐம்பதாம் பக்கத்தைத் தாண்டிவிட்டாள், சீட்டு எதுவும் செருகவில்லை. பதினாறாம் தேதி காலை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் என்னிடம் சொன்னாள்:

"இத்தனை நாள் அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு காரணம் இருந்துச்சு. இப்போ அதுவும் இல்ல."

"அப்போ போறியா?"

"அவர் கத்துக்கிட்டாருன்னு யாரு சொன்னா? அவரே சொல்றாரு. புத்தக ஓரத்துல எழுதிக்கறதெல்லாம் ஒரு சாட்சியா?"

அன்று சாயங்காலம், காற்று நின்ற நேரம். அம்மா ஒரு கானாங்கெளுத்தியை வாங்கிவந்து அடுப்படி மேடையில் வைத்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள். "சோறு, மிசோ சூப், இந்த மீன். மூணு பேருக்கு. புத்தகத்தைப் பாத்தே பண்ணுங்க." முன்னறைக்கு வந்து, ஏசிக்கு நேர் கீழே, அப்பாவின் இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து நாவலைத் திறந்தாள்.

உள்ளே பாத்திரம் விழுந்தது. குழாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"அம்மா" என்று அப்பாவின் குரல். "அரிசில தண்ணி இவ்ளோ போதுமான்னு கொஞ்சம் வந்து பாரேன்."

அம்மா பக்கத்தைத் திருப்பினாள். "நான் போயிட்டேன்னு வெச்சுக்கங்க."

உள்ளே குழாய் மறுபடி திறந்து மூடியது. பிறகு கத்தி பலகையில் பட்டது. டக். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு டக். ஒரு முள்ளங்கியை வெட்ட ஒரு மனிதருக்கு இவ்வளவு நேரம் ஆகுமா என்று எனக்கே எழுந்து போக வேண்டும் போலிருந்தது. அம்மா என் பாவாடை நுனியைக் காலால் மிதித்துக்கொண்டாள்.

"சிஹோ, மிசோ எங்க இருக்கு?"

"அவளும் என்கூட வந்துட்டா" என்றாள் அம்மா.

"ம்" என்றார் அப்பா.

சூப் வாசனை வந்தது. சோறு கொதிக்கிற வாசனை வந்தது. அம்மா புத்தகத்தைப் பிடித்திருந்தாள், ஆனால் பக்கம் நகர்ந்து வெகு நேரமாகிவிட்டது. மூக்கு மட்டும் அடுப்படிப் பக்கம் திரும்பியிருந்தது. பிறகு மீன் வாசனை. நல்ல வாசனை. அதற்கடுத்து அவ்வளவு நன்றாக இல்லாத வாசனை.

"மீன் கருகுது!" என்று அம்மா கத்தினாள்.

"நீதான் போயிட்டியே!"

"வாசனை வந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."

அப்பா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். இடுப்பில் அம்மாவின் ஏப்ரன், கையில் சமைக்கிற நீளக் குச்சி, முகமெல்லாம் வேர்வை. அவர் சட்டென்று நம்பிவிடவில்லை. அம்மா பாலை மோந்து பார்ப்பாளே, அப்படி அவள் முகத்தைப் பார்த்தார்.

"எவ்ளோ நாளைக்கு?" என்று கேட்டார்.

"முதல்ல மீனைத் திருப்புங்க" என்று சொல்லிக்கொண்டே அம்மா எழுந்துபோய், அவருக்குப் பக்கத்தில், கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றாள்.